ஓடைக்கரை பல்பு

"தண்ணி வரும்போது என் மருமக ஏன் சிரிச்சா?"

உஜேலி அம்மாள் கேட்டது இந்த ஒரே கேள்விதான். ஓடைக்கரைப் பாறையில் உட்கார்ந்து, முகத்தைக்கூடத் திருப்பாமல் கேட்டாள்.

அச்யுத் ரேக்மியிடம்தான் கேட்டாள். இன்ஷூரன்ஸ் கம்பெனி அவரைக் காட்மாண்டுவிலிருந்து காலை பஸ்ஸில் அனுப்பியது வேறொரு கேள்விக்காக. நேற்று தீஜ், பெண்கள் பிறந்த வீடு போய் விரதமிருக்கும் பண்டிகை. மதியம் சிம்லே நீர்மின் நிலையத்தின் தண்ணீர் திடீரென்று இந்த ஓடையில் பாய்ந்து, துணி துவைத்துக்கொண்டிருந்த அனுஜா என்ற பெண்ணை அடித்துப் போயிருந்தது. நிலையம் அப்போது சோதனை ஓட்டத்தில் இருந்ததா, முழு உற்பத்தியைத் தொடங்கிவிட்டதா? சோதனை என்றால் பழி நிலையத்தைக் கட்டிக்கொடுத்த நிறுவனத்தின் மேல். உற்பத்தி என்றால் முதலாளியின் மேல். கம்பெனிக்கு அது தெரிந்தால் போதும். பாறையில் உட்கார்ந்திருந்தவளுக்குப் போதாது.

"சிரிச்சான்னு யாரும்மா சொன்னது?" என்றாள் ஜானுகா ராய். அச்யுத்தின் உதவியாளர். வாய் சும்மா இருந்தால் அவளுக்குக் காது அடைத்துக்கொள்ளும்.

"அவ அண்ணன். எதிர்க்கரைல நின்னு பாத்திருக்கான். 'மேல ஏறு, மேல ஏறு'ன்னு கத்தினானாம். இவ திரும்பிப் பாத்து, கையை உயரத் தூக்கிக் காட்டி, சிரிச்சுட்டு மறுபடி துணியைக் கசக்கினாளாம்." உஜேலி புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். "வானத்தைக் காட்டினாளாம். சாமிகிட்ட போறேன்னு. தீஜுக்கு எல்லாப் பொண்ணுங்களும் பிறந்த வீட்டுக்குப் போயாச்சு. இவளைக் கூப்பிட ஆளில்லை. மாமியார் கொடுமை வேற. அதான் போயிட்டான்னு ஊரே பேசுது."

"கொடுமை பண்ணீங்களா?"

"ஜானு," என்றார் அச்யுத்.

"கேக்கட்டும் தம்பி. சண்டை போட்டிருக்கேன். உப்புக்குச் சண்டை, விறகுக்குச் சண்டை. கடைசிச் சண்டை இதோ, இதுக்கு." பாறைக்கு மேலே மூங்கில் கம்பத்தில் ஒரு குண்டு பல்பு பட்டப்பகலில் எரிந்துகொண்டிருந்தது. "என் பையன் பிர்க்கே போட்டது. வெயில்ல எதுக்குடி விளக்கு, அணைச்சுத் தொலைன்னேன். 'அம்மா, இது உங்க பையன் எனக்குப் போட்ட தாலி'ன்னு சிரிச்சா. ராத்திரி எனக்குக் கால் பிடிச்சுவிட்டுட்டுத்தான் தூங்கினா."

அனுஜா எதிர்மலைப் பிராமண வீட்டுப் பெண். மகர் சாதிப் பையனோடு ஓடி வந்தவள். பிறந்த வீட்டுக் கூரையிலிருந்து எழும் புகை இந்தப் பாறையிலிருந்து தெரியும். துணி துவைக்க அவள் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுதான் காரணம் என்று உஜேலி சொன்னாள்.

"உங்க பையன் எங்கே?"

"லாக்கப்புல. நிலையத்துல அபாயச் சங்கு ஊதற வேலை அவனுக்கு. ஊத மறந்துட்டேன்னு அவனே எழுதிக் கொடுத்துட்டான். நாளைக்குக் கோர்ட்டு." முதல் முறையாக அச்யுத்தை நிமிர்ந்து பார்த்தாள். "அவனை உள்ள வச்சாலும் சரி, விட்டாலும் சரி. அவ ஏன் சிரிச்சான்னு மட்டும் எனக்குச் சொல்லிட்டுப் போங்க. அது தெரியாம நான் எப்படிச் சோறு திங்கறது?"

*

நிலையத்தின் மேலாளர் பிரதான் தேநீர் கொடுத்தார். பிஸ்கட்டும் கொடுத்தார். சாவு நடந்த மறுநாள் இவ்வளவு உபசாரம் எதற்கு என்று ஜானுகாவின் புருவம் கேட்டது.

"இன்னும் சோதனை ஓட்டம்தான் சார். பிறந்த குழந்தையை மறுநாளே பள்ளிக்கூடம் அனுப்ப முடியுமா?"

"காட்மாண்டுல அனுப்பறாங்க சார்," என்றாள் ஜானுகா. "பொறக்கறதுக்கு முன்னாடியே ஃபீஸ் கட்டணும்."

பிரதான் சிரித்துவைத்தார்.

"சோதனைக் காலத்துக்கு ஒப்பந்தம் என்ன சொல்லுது?" என்றார் அச்யுத்.

"அந்தக் காலம் முடியற வரைக்கும் எங்க கரண்ட்டை தேசிய லைன்ல விடக்கூடாது. சுத்து வட்டார ஊருக்கு மட்டும்தான். அதுக்குப் பாதி விலை. நடுநடுவுல மெஷினை வேணும்னே நிறுத்திப் பாப்போம். நிறுத்தினா அதுக்குள்ள போற தண்ணி போக இடமில்லாம ஓடையில விழும். அதனால நிறுத்தறதுக்கு முன்னாடி சங்கு ஊதணும். ஊத வேண்டியது கட்டின நிறுவனத்தோட ஆள். பிர்க்கே. அவன் ஊதலை."

"சோதனை முடிஞ்சா?"

"தேசிய லைன்ல சேருவோம். முழு விலை. கட்டினவங்க ஆளுங்க மூட்டை கட்டிடுவாங்க. அப்புறம் சங்கு எங்க பொறுப்பு. சேர்றதுக்கு முன்னாடி ரெண்டு கரையிலும் ஊர்க்கூவியை விட்டுக் கூவிச் சொல்லணும்னு விதி. இன்னும் கூவலை. யாரை வேணும்னாலும் கேளுங்க. கூவலைன்னா சேரலை. சேரலைன்னா சோதனை." கையை விரித்தார்.

"எப்ப சேரணும்?"

"இந்த மாசத்துக்குள்ள. தாண்டினா விலையைக் குறைச்சுடுவாங்க."

"மாசம் முடியப் போகுதே."

"அதெல்லாம் சேர்ந்துடுவோம்."

அச்யுத் தேநீரை முடித்தார். "நேத்து மெஷினை மதியம் நிறுத்தினீங்க. எப்ப மறுபடி ஓடுச்சு?"

"பொண்ணு போயிட்டான்னு தெரிஞ்சப்புறம் யாருக்கு சார் மனசு வரும்? பொழுது சாயற வரைக்கும் நிறுத்தியேதான் வச்சிருந்தோம்."

"நல்ல மனசு," என்றாள் ஜானுகா, இன்னொரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு.

*

எதிர்மலைக்குத் தொங்குபாலம். நடுவில் வந்ததும் அது ஆடியது.

"அண்ணா, நான் விழுந்தா இன்ஷூரன்ஸ் உண்டா?"

"நீ இன்னும் சோதனைக் காலத்துலதான் இருக்கே."

"ரெண்டு வருஷமாவா?"

அனுஜாவின் அண்ணன் லோக்நாத் மாட்டுத் தொழுவத்தில் உட்கார்ந்திருந்தார். வயது முப்பது இருக்கும். பக்கத்தில் ஒரு டிபன் கேரியர், மூடி திறக்கப்படாமல். வீட்டுக்குள்ளிருந்து ஒரு கிழக்குரல் கேட்டது. "யாராயிருந்தாலும் போகச் சொல்லு. என் பொண்ணு ஓடிப்போன அன்னைக்கே எனக்குத் தீட்டுக் கழிஞ்சாச்சு."

"அப்பா," என்றார் லோக்நாத், மன்னிப்புக் கேட்பதுபோல. அப்புறம் குரலைத் தாழ்த்தினார். "அவருக்குத் தெரியாமத்தான் போனேன். தீஜுக்கு முதல் நாள் ராத்திரி பிறந்த வீட்டுல பொண்ணுங்களுக்கு விருந்து போடணும். அவளுக்கு யாரும் போடலை. விரதம் முடிச்சாவது திங்கட்டும்னு என் பொண்டாட்டி கீர் பாயசம் செஞ்சு கொடுத்தா. எட்டு மாசம் கழிச்சு, தங்கச்சியைப் பாக்கப் போறேன். இறக்கத்துல இறங்கறேன், மேல இருந்து தண்ணி வர்றது எனக்குத் தெரியுது. அவளுக்குத் தெரியலை."

"கத்தினீங்க."

"தொண்டை கிழிய. ஏறுன்னு கையை ஆட்டினேன். பாத்தா சார். என்னைத்தான் பாத்தா. சிரிச்சா. கையை மேல காட்டினா. இப்ப வந்து கூப்பிடறியாடா, நான் அங்க போறேன்டான்னு சொல்ற மாதிரி." அவர் டிபன் கேரியரின் பிடியைப் பற்றிக்கொண்டார். "நான் போனதாலதான் அப்படிப் பண்ணினாளோன்னு இருக்கு. போகாம இருந்திருந்தா கோபத்துலயாவது உயிரோட இருந்திருப்பா."

ஜானுகா மாட்டைப் பார்க்கப் போனாள்.

அச்யுத் கேட்டார். "ஓடை அகலமே இருபதடிதான். நீங்க சொன்னது அவங்க காதுல விழுந்திருக்குமே?"

"எங்க சார் விழும்? கோயில்ல தீஜ் பாட்டு. நாலு பக்கமும் ஒலிபெருக்கி. என் சத்தமும் போகலை, தண்ணி சத்தமும் அவளுக்குக் கேக்கலை. அவளைத் தண்ணி கொண்டுபோன அப்புறமும் அந்தப் பாட்டு ஓடிட்டே இருந்தது சார். நான் கரையோரமா ஓடறேன், மேல பொம்பளைங்க ஆடிட்டே இருக்காங்க. ஒருத்தர் போய்ச் சொல்லித்தான் நிறுத்தினாங்க."

அச்யுத் எழுந்துவிட்டார். "கோயிலுக்குக் கரண்ட் எங்கேர்ந்து?"

"நிலையத்துலேர்ந்துதான். ரெண்டு கரைக்கும் அதான்."

"ஜெனரேட்டர்?"

"அந்தக் கோயிலுக்குக் கதவே போன வருஷம்தான் வந்தது."

*

பாலத்தில் ஏறும்வரை ஜானுகா பொறுத்திருந்தாள்.

"மெஷின் நின்னா ஊருக்குக் கரண்ட் போகணும். மெஷின் சாயங்காலம் வரைக்கும் நின்னுது. பாட்டு நிக்கலை. அப்ப ஊருக்குக் கரண்ட் வேற எங்கேர்ந்தோ வந்திருக்கு. அதாவது…"

"தேசிய லைன்லேர்ந்து. நேத்தே சேர்ந்துட்டாங்க. கூவாம, சொல்லாம. மாசக் கடைசிக்குப் பயந்து." அச்யுத் கைப்பேசியை எடுத்தார். தலைநகரின் மின் கட்டுப்பாட்டு அறையில் அவருக்கு ஒரு மைத்துனர் இருந்தார். எந்த நிலையம் லைனைத் தொட்டாலும் அங்கே தெரியாமல் போகாது. பேசிவிட்டு வைத்தார். "தீஜ் அன்னைக்குக் காலைல சேர்ந்திருக்கு. மதியம் மெஷின் தானாவே நின்னுபோச்சு. யாரும் நிறுத்தலை. பொண்ணு செத்ததும் 'இன்னும் சோதனைதான்'னு கதையை மாத்திட்டாங்க."

"கேஸ் முடிஞ்சுது. பஸ்ஸுக்கு நேரமிருக்கு."

அவர் நடக்கவில்லை.

"லைன்ல சேர்ந்துட்டா கட்டினவங்க ஆளுங்க மூட்டை கட்டிடுவாங்கன்னு பிரதானே சொன்னார். அப்ப பிர்க்கே நேத்து வேலையிலேயே இல்லை. இல்லாத வேலையில எதை மறந்தான்?"

"ஆமாம்," என்றாள் ஜானுகா. பாலம் ஆடியதை அவள் கவனிக்கவில்லை.

*

மலையடிவாரக் காவல் நிலையத்தில் பிர்க்கே வெள்ளைத் துணி சுற்றி, தலை மழித்து, வைக்கோல்மேல் உட்கார்ந்திருந்தான். மனைவிக்குக் கொள்ளி வைத்தவன். பதின்மூன்று நாள் அவனை யாரும் தொடக்கூடாது. காவலர் இலையில் பழத்தைத் தூர வைத்து, குச்சியால் தள்ளினார்.

"சங்குக் கூண்டுலதான் இருந்தேன் ஐயா. அசந்துட்டேன். ஊதலை. எழுதிக் கொடுத்திருக்கேன்."

"இவரை எங்கே பிடிச்சீங்க?" என்று அச்யுத் காவலரைக் கேட்டார்.

"பிடிக்கலை சார். ஆளு இங்க கடைத்தெருவுல பாசிமணிக் கடையில பேரம் பேசிட்டு இருந்தான். சேதி வந்ததும் ஓடினான். சாயங்காலம் அவனா வந்து உக்காந்துட்டான்." காவலர் மேசை இழுப்பறையிலிருந்து, சுமங்கலிகள் கழுத்தில் போடும் பச்சைப் பாசிமணிச் சரம் ஒன்றை எடுத்துக் காட்டினார். "இதைக்கூடக் கையில வச்சிட்டே சுடுகாட்டுக்குப் போயிருக்கான்."

"கூண்டுலேர்ந்து ரெண்டு மணி நேர நடை தூரத்துல நின்னுட்டு அசந்தியா?" என்றாள் ஜானுகா. வழக்கமான குத்தல் அதில் வரவில்லை.

பிர்க்கே தலையைக் குனிந்துகொண்டான்.

"நேத்து பாட்டு நிக்கலை பிர்க்கே," என்றார் அச்யுத்.

"தெரியும்." பிர்க்கே ஒரு வைக்கோலைக் கிள்ளினான். பிறகு, "அவளைத் தூக்கிட்டு வந்து பாறைல போட்டப்போ பல்பு எரிஞ்சுட்டு இருந்தது ஐயா. அப்பவே தெரிஞ்சுபோச்சு," என்றான்.

"பல்பா?"

"நான்தான் கம்பி இழுத்துப் போட்டேன். அவளுக்காக. மெஷின் நின்னா ஊர்ல விளக்கு அணையும். அப்புறம்தான் தண்ணி மேலேர்ந்து இறங்கி வரும், நாலு துணி பிழியற நேரம் இருக்கும். அதுக்குள்ள ஏறிடலாம். அவகிட்ட சொன்னேன்: யார் கத்தினாலும் பயப்படாதே. பசங்க விளையாட்டுக்குக் கத்துவானுங்க. சங்கைக்கூட நம்பாதே. ஊதறவன் நான்தான், ஒருநாள் தூங்கிடுவேன். பல்பைப் பாரு. எரிஞ்சா ஓடை உன்னுது. அணைஞ்சா ஓடு." அவன் உள்ளங்கையால் முகத்தை அழுத்தினான். "சோதனை நடந்த ரெண்டு மாசமும் ஒரு தடவைகூடத் தப்பலை ஐயா. நேத்து காலைல பிரதான் சார், 'இனிமே நீ வேண்டாம்ப்பா, பண்டிகை, போய்ப் பொண்டாட்டியோட இரு'ன்னார். சோதனைக்கு லீவுன்னு நினைச்சேன். லைனைச் சேத்துட்டாங்கன்னு சொல்லலை. சொல்லியிருந்தா முதல் வேலையா அந்தப் பல்பைக் கழட்டியிருப்பேன். மணி வாங்கப் போயிருக்க மாட்டேன்."

ஜானுகா அச்யுத்தைப் பார்த்தாள். அவர் மெதுவாகச் சொன்னார்.

"அண்ணன் கத்தினப்போ அவங்க வானத்தைக் காட்டலை."

"அண்ணனுக்குப் பல்பைக் காட்டியிருக்கா," என்றான் பிர்க்கே. "'பாரு, எரியுது, பயப்படாதே'ன்னு. எட்டு மாசம் கழிச்சு அண்ணன் வந்திருக்கான், சிரிக்காம என்ன செய்வா?"

காவலர் இழுப்பறையை மூடுவதும் திறப்பதுமாக இருந்தார்.

"பின்ன எதுக்குப்பா பொய் எழுதிக் கொடுத்தே?" என்றார் அவர்.

"பிரதான் சார்தான் வந்தார். 'சங்கு ஊத நீ மறந்தேன்னா இது விபத்து. இல்லேன்னா அவ தெரிஞ்சே நின்னா, தற்கொலை. உங்கம்மாவைத்தான் முதல்ல பிடிப்பாங்க. நீயே முடிவு பண்ணு'ன்னார். நான் என்ன முடிவு பண்றது? மறந்தது நான்னே இருக்கட்டும். எப்படியும் நான்தானே ஐயா? அவ அண்ணன் சொன்னதை நம்பாம நான் சொன்னதை நம்பினா."

அச்யுத் கம்பிக்கு அருகில் குந்தி உட்கார்ந்தார். "பல்பு கணக்கு வேற யாருக்குத் தெரியும்?"

"அம்மா மாதிரி பெரியவங்க குழாயடிதான், அவங்களுக்குத் தெரியாது. ஓடைக்கு வர்ற சின்னப் பொண்ணுங்களுக்கெல்லாம் அவதான் சொல்லிக் கொடுத்தா."

"நாளைக்கு என்ன நாள்?"

பிர்க்கே நிமிர்ந்தான்.

நாளை பஞ்சமி. விடிவதற்குள் ஊர்ப் பெண்கள் எல்லாரும் ஓடும் தண்ணீரில் குளிக்க இறங்குவார்கள். பிறந்த வீட்டுக்குப் போனவர்களும் இன்று மாலைக்குள் திரும்பிவிடுவார்கள்.

"அனுஜா இறந்தது நீ சங்கு ஊதாததாலன்னு அவங்க நினைச்சுட்டு இருக்காங்க," என்றார் அச்யுத். "பல்பை இன்னும் நம்பறாங்க. அது இப்பவும் எரியுது பிர்க்கே. நீ எழுதிக் கொடுத்த பொய் இருக்கிற வரைக்கும் அதை யாரும் கழட்ட மாட்டாங்க."

பிர்க்கே எழுந்து நின்றான். "பேப்பர் கொடுங்க," என்றான் காவலரிடம். "அப்புறம் என்னை அங்க கூட்டிட்டுப் போங்க. வேற யாரும் கழட்டக் கூடாது. நான் போட்டது."

*

அவன் எழுதிக் கொடுத்ததைப் படித்த இன்ஸ்பெக்டர் நிலையத்துக்கு ஜீப் அனுப்பினார். பிரதான் பிஸ்கட் கொடுக்கும் முன்பே அதில் ஏற்றப்பட்டார். இன்னொரு ஜீப்பில் பிர்க்கே, இரண்டு காவலர்கள், அச்யுத், ஜானுகா. மலையேறும் வழி முழுக்க ஜானுகா பச்சை மணிச் சரத்தைத் தன் கைக்குட்டையில் சுற்றி மடியில் வைத்திருந்தாள்.

வெயில் சாயும்போது மேட்டின்மேல் ஊர்க்கூவி நின்று இரண்டு கரைக்கும் கூவினான். "கேளுங்க, கேளுங்க. நிலையம் பெரிய லைன்ல சேர்ந்தாச்சு. பல்பு எரிஞ்சாலும் ஓடையில தண்ணி வரும். நாளைக்கு யாரும் ஓடைக்கு வராதீங்க. குழாயடியில குளிங்க." ஒரு நாள் தாமதமாக அது மலையில் மோதித் திரும்பி வந்தது.

ஓடைக்கரையில் உஜேலி அதே பாறையில் இருந்தாள். சுற்றிலும் பெண்கள், பிறந்த வீட்டுப் பைகளை இறக்கிவைக்காமல். எதிர்க்கரையில் லோக்நாத். அழைக்கச் சொல்லி அச்யுத் ஆள் அனுப்பியிருந்தார். கோயிலில் இன்று பாட்டு இல்லை. தண்ணீர் கூழாங்கற்களில் உரசுவதுகூடக் கேட்டது.

வெள்ளைத் துணியோடு பிர்க்கே வருவதைப் பார்த்ததும் பெண்கள் விலகி வழிவிட்டார்கள்.

"அம்மா, நீங்க காலையில ஒண்ணு கேட்டீங்க," என்றார் அச்யுத்.

பிர்க்கே அனுஜா நின்ற கல்லில் போய் நின்றான். எதிர்க்கரையைப் பார்த்தான். கையை உயரத் தூக்கினான்.

லோக்நாத் அந்தக் கை காட்டிய இடத்தைப் பார்த்தார். மூங்கில் கம்பம். அதன் நுனியில் மாலை வெளிச்சத்தில் மங்கலாக எரியும் மஞ்சள் பல்பு. நேற்று அவர் அவளை மட்டுமே பார்த்திருந்தார்.

"எரியுதுன்னு சொன்னா, மச்சான்," என்றான் பிர்க்கே. கத்தவில்லை. இருபதடிதான். "உங்களைப் பாத்துத்தான் சிரிச்சா. வேற ஒண்ணுமில்லை."

லோக்நாத் அப்படியே கரையில் உட்கார்ந்தார். டிபன் கேரியரை மடியில் வைத்து, அதன்மேல் நெற்றியைச் சாய்த்தார்.

பிர்க்கே கம்பத்தைச் சாய்த்தான். காவலர், "துணி சுத்திக்கப்பா, சுடும்," என்று சொல்லி முடிப்பதற்குள் வெறுங்கையால் பல்பைத் திருகினான். அது அணைந்தது. கழன்று வந்த பிறகும் அவன் விரல்களைப் பிரிக்கவில்லை.

உஜேலி எழுந்தாள். யாரோ, "தொடாதே, தீட்டு," என்றார்கள். அவள் மகனின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, சூடான கண்ணாடியைத் தன் புடவைத் தலைப்பில் வாங்கிக்கொண்டு, சிவந்த அந்த உள்ளங்கையை ஓடைத் தண்ணீருக்குள் பிடித்துவைத்தாள்.

"பகல்ல எரிஞ்சதுக்குத் திட்டினேன்டா அவளை," என்றாள்.

பெண்களில் ஒருத்தி, தண்ணீர் வரும் மேற்புறத்தைப் பார்த்தபடி காவலுக்கு நின்றாள். அப்புறம் இன்னொருத்தி.